கூம்பு ஃபில்டர் சூட்டைக் குறைக்கிறதா?
காரில் கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, மூடியில்லாத கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் மாட்டியதும் இன்ஜினுக்குள் போகும் காற்று 10 டிகிரி குளிர்ந்தது என்கிறது இந்தக் கட்டுரை. ஆனால் பழைய ஃபில்டரை மதியமும் புதியதைக் காலையிலும் அளந்ததாக அதிலேயே இருக்கிறது. மதுரை சித்திரை வெயிலில் அந்த 10 டிகிரி வானிலையாலேயே வந்துவிடும். வெளிக்காற்றைவிட உள்ளே போகும் காற்று எவ்வளவு அதிகச் சூடு என்பதைத்தான் பார்க்க வேண்டும். காரின் ஓபிடி போர்ட்டில் (இன்ஜின் விவரங்களைப் படிக்கும் சாக்கெட்) ப்ளூடூத் ஸ்கேனர் செருகினால் அது போனிலேயே தெரியும். என் காரில் ஒரே மாலையில் இரண்டு ஃபில்டரையும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் நான்குவழிச் சாலையில் சீராக 80இல் போனபோது பெரிய வித்தியாசமே இல்லை. சிம்மக்கல் நெரிசலில் நின்றபோதுதான் தெரிந்தது: திறந்த ஃபில்டர் பானெட்டுக்குள் கொதிக்கும் காற்றையே இழுக்கிறது, கம்பெனி பெட்டியைவிட மளமளவென்று சூடேறுகிறது. அந்தப் பெட்டிக்கு கிரில் பக்கமிருந்து தனிக்குழாய் வருகிறதே! மேலே கருத்து எழுதிய ஒருவர், கூம்பு ஃபில்டர் போட்டதும் பவர் கூடியது நன்றாகத் தெரிகிறது என்கிறார். சத்தம் கூடியிருக்கும், சரி. காற்று 3 டிகிரி குளிர்ந்தால் அடர்த்தி சுமார் 1 சதவீதம்தான் கூடும், அதைக் கால் உணராது. கட்டுரையாளர் ஃபில்டரைச் சுற்றி வெப்பத் தடுப்புத் தகடு வைத்து, ஒரே நேரத்தில், ஒரே சாலையில் மறுபடி அளந்து வெளியிட வேண்டும். பலர் இதை நம்பி ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள்.