கார்ட்டர் பாம்புக்குத் தங்கமீன் மட்டும் போதாது

"கார்ட்டர் பாம்பு வளர்ப்பது சுலபம், வாரம் இரண்டு தங்கமீனைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டால் போதும்" என்று, வட அமெரிக்காவில் காணப்படும் இந்தச் சிறு பாம்பைப் பற்றி ஒரு தகவல் சுற்றுகிறது. சுலபம் என்பது ஓரளவு சரி. தங்கமீன் விஷயம் முற்றிலும் தவறு; நம்பினால் பாம்பு செத்துப்போகும்.

தங்கமீனின் உடலில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1ஐச் சிதைத்துவிடும். இதையே தொடர்ந்து தின்னும் பாம்பு, இரையைக் குறிவைத்துப் பாய்ந்தாலும் வாய் பக்கவாட்டில் போய் விழும். உடல் நடுங்கும், முறுக்கிக்கொள்ளும், மல்லாந்து கிடந்தால் தானாகப் புரள வராது. பிறகு வலிப்பு. வயிறு நிறையத் தின்றும் இந்தக் கதி என்பதுதான் கொடுமை. ஆரம்பத்திலேயே ஊர்வன மருத்துவரிடம் கொண்டுபோனால் பி1 ஊசி போட்டுக் காப்பாற்ற வாய்ப்புண்டு. மீனை உறையவைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்பதும் பொய். குளிரில் அந்த நொதி அழியாது.

சால்மன், டிரவுட், திலாப்பியா ஆகியவற்றில் இந்தத் தொல்லை இல்லை. குட்டிகளுக்கு மண்புழுவை நறுக்கிக் கொடுக்கலாம். ஆனால் உரக்குழியில் விடும் சிவப்புப் புழு வேண்டாம், அது நஞ்சு. வளர்ந்த பாம்புக்கு, உறைபதத்திலிருந்து இளக்கிய சுண்டெலிக் குஞ்சுகள்தான் நல்ல அடிப்படை உணவு.

"விஷமே கிடையாது" என்பதும் முழு உண்மையல்ல. உமிழ்நீரில் லேசான நஞ்சு உண்டு, மனிதருக்கு ஆபத்தில்லை. வட அமெரிக்காவில் தோட்டத்திலேயே கிடைக்கிறதே என்று பிடித்துவராதீர்கள். காட்டுப் பாம்பின் வயிற்றில் ஒட்டுண்ணிகள் இருக்கக்கூடும். வளர்ப்பில் பிறந்த குட்டியையே கேட்டு வாங்குங்கள்.