ரொட்டி விலையும் பண்ணையார் கணக்கும்

ஏழைக்கு உதவித்தொகை கொடுத்தால் கூலி வேலைக்கு ஆள் வராது என்று வாதாடுகிறவர்கள் சாட்சிக்கு இழுக்கும் ஊர் ஒன்று உண்டு: ஸ்பீன்ஹாம்லாண்ட். இங்கிலாந்தின் பெர்க்‌ஷயரில், இன்றைய நியூபரி ஊருக்குள் இருக்கிறது. அந்தச் சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்தால் கூலிக்காரனை விட்டுவிட்டுப் பண்ணையாரைத்தான் கைகாட்டும் என்பது என் கட்சி.

1795. பிரான்சுடன் போர், விளைச்சலும் மோசம், கோதுமை விலை எங்கோ போய்விட்டது. மே 6 அன்று அங்கிருந்த பெலிக்கன் விடுதியில் மாவட்டத்து மாஜிஸ்திரேட்டுகள் கூடினார்கள். விவசாயக் கூலியை உயர்த்தி நிர்ணயிக்கலாமா என்பதுதான் பேச்சு. ஆனால் கூலியில் கைவைக்க மனம் வரவில்லை. பண்ணைக்காரர்களிடம் "பார்த்துக் கூட்டிக் கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டு, ரொட்டி விலையை வைத்து ஒரு பட்டியல் போட்டார்கள். ஏறக்குறைய 4 கிலோ எடையுள்ள ரொட்டி 1 ஷில்லிங் விற்றால், உழைப்பாளிக்கு வாரம் 3 ஷில்லிங், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தலைக்கு ஒன்றரை ஷில்லிங் வருமானம் இருக்க வேண்டும். குறைந்தால் பாரிஷ் ஈடுகட்டும். பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர் எல்லை. 1601-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பாரிஷும் வரி வசூலித்துத் தன் ஏழைகளைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். பணத்தைப் பங்கிடுவது ஓவர்சியர் வேலை.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். பட்டியல்படி வாரத்துக்கு ஏழரை ஷில்லிங். பண்ணைக்காரர் 6 கொடுத்தால் பாரிஷ் ஒன்றரை போடும். அவர் 5 கொடுத்தால் பாரிஷ் இரண்டரை. உழைப்பவன் வீட்டுக்கு வருவது என்னவோ அதே ஏழரைதான். மிச்சம் யாருக்கு?

இதில் இன்னொரு கூத்து. பாரிஷ் கூட்டத்தில் செல்வாக்கோடு உட்கார்ந்திருந்தவர்களும் பெரும்பாலும் அதே பண்ணைக்காரர்கள்தான். வரியோ எல்லோர் தலையிலும் விழுந்தது, ஒரு கூலியாளைக்கூட வைக்காத சிறு விவசாயியும் கடைக்காரரும் உட்பட. அறுவடைக்கு ஊரே வேண்டும், குளிர்காலத்தில் ஒருவரும் வேண்டாம். அந்த மாதங்களில் ஆட்களை உயிரோடு வைத்திருக்கும் செலவை ஊர்ப் பணத்தில் எழுதிக்கொள்ள அருமையான ஏற்பாடு. சில ஊர்களில் வேலையில்லாதவர்களைப் பண்ணை பண்ணையாகச் சுற்றி அனுப்பினார்கள், கூலியில் ஒரு பங்கைப் பாரிஷ் கொடுத்தது. ஒரு வருடம் முழுக்க வேலை பார்த்தால் அந்தப் பாரிஷில் உதவி கேட்கும் உரிமை வந்துவிடும் என்பதால் 51 வாரத்துக்கு மட்டும் ஆள் பேசிய பண்ணைகளும் இருந்தன. சோம்பேறித்தனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த 51-ஐப் பற்றிப் பேசி நான் பார்த்ததில்லை.

அப்புறம், இவர்கள் பாரிஷ் வாசலுக்கு ஏன் வந்தார்கள்? பசுமாட்டை மேய்க்கவும் விறகு பொறுக்கவும் இருந்த பொது நிலத்தை நாடாளுமன்றச் சட்டம் போட்டு வேலி அடைத்தாயிற்று. அறுத்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்குவதுகூட உரிமையல்ல என்று 1788-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. குளிர்காலத்தில் மிச்சமிருந்த ஒரே பெரிய வேலை கதிரடிப்பு. அதையும் இயந்திரம் எடுத்துக்கொண்டது.

1830 ஆகஸ்ட் கடைசியில் கென்ட்டில் கூலிக்காரர்கள் முதல் கதிரடிக்கும் இயந்திரத்தை உடைத்தார்கள். சில மாதங்களில் கலகம் தெற்கு மாவட்டங்கள் முழுக்கப் பரவிவிட்டது. 'கேப்டன் ஸ்விங்' என்ற கற்பனைப் பெயரில் கையெழுத்துப் போட்ட மிரட்டல் கடிதங்கள் பறந்தன. சசெக்ஸில் பிரீட் என்ற ஊரில் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. உதவி கேட்டு வந்தவர்களை மாட்டுக்குப் பதிலாக வண்டியிழுக்க வைத்த உதவி ஓவர்சியரை, அதே வண்டியில் ஏற்றி ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார்கள். ஆளைக் கொல்லவில்லை. அரசு அவ்வளவு நாசூக்கு பார்க்கவில்லை: 19 பேருக்குத் தூக்கு, ஏறக்குறைய 500 பேர் ஆஸ்திரேலியக் கண்டத்துக்கு நாடுகடத்தல்.

பிறகு ஏழை உதவியைப் பற்றி ஒரு விசாரணைக் குழு. நாசாவ் சீனியரும் எட்வின் சாட்விக்கும் எழுதிய அறிக்கை, உதவித்தொகைதான் உழைப்பாளியைக் கெடுத்தது என்றது. 1834-ல் புதுச் சட்டம் வந்தது. உடல் வலுவுள்ளவனுக்கு வீட்டில் இருந்தபடி உதவி கிடையாது; வேண்டுமானால் குடும்பத்தோடு ஏழைகள் விடுதிக்குள் வா. உள்ளே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். வெளியே இருக்கும் மிக மோசமான கூலி வாழ்க்கையைவிட உள்ளே மோசமாக இருக்க வேண்டும் என்பதுதான் கொள்கையே. ஆண்டோவர் விடுதியில், உரத்துக்காக எலும்பு உடைக்கும் வேலையிலிருந்தவர்கள் பசியில் அந்த அழுகிய எலும்பின் மஜ்ஜையைத் தின்றது 1845-ல் வெளிவந்து நாடே நாறியது.

உதவியால் கூலி விழுந்ததா, கூலி விழுந்ததால் உதவி வந்ததா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 1963-ல் மார்க் பிளாக் என்ற பொருளியல் அறிஞர் அந்த அறிக்கையைக் கிழித்துத் தொங்கவிட்டு, இரண்டாவதுதான் என்றார். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதைதானே என்று விடவும் முடியாது. உதவி கொடுத்தால் ஏழைகள் பெருகுவார்கள் என்று எழுதிய மால்தஸ், 1805 முதல் சாகும்வரை பாடம் நடத்தியது கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளைத் தயாரித்த கல்லூரியில். அங்கே படித்த சார்லஸ் டிரெவெலியன்தான் அயர்லாந்துப் பஞ்சத்தில் நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவர், 1859-ல் சென்னை கவர்னராகவும் வந்தவர். 1877 பஞ்சத்தில் சென்னை மாகாண நிவாரண வேலைகளுக்கு இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் வைத்த கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் (அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு) தானியமும் கொஞ்சம் காசும். இதில் மனிதன் கடும் வேலை செய்ய முடியாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் மல்லுக்கட்டினார். சில மாதங்கள் கழித்துத்தான் கூட்டினார்கள். அதிகம் கொடுத்தால் தேவையில்லாதவனும் வந்து நிற்பான் என்ற அதே பயம்தான், மழையே பெய்யாத வருடத்தில்.