மில் வண்டி மார்ச்சிலேயே வந்துவிடும்

"மாசம் ஆயிரம் ரூபாயில என்னத்தப் படிச்சிரப் போறாளுக?" அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் தரும் புதுமைப் பெண் திட்டம் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார். ஆயிரம் போதாதுதான். ஆனால் அந்தப் பணம் அப்பா கைக்குப் போகாமல் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு வருகிறதே, அந்த அருமை திண்டுக்கல் பக்கம் வாத்தியார் வேலை பார்த்தால் தெரியும்.

1989-ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் வந்தது திருமண உதவி. பிறகு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022 செப்டம்பரிலிருந்து அதற்குப் பதிலாக, அதே பெயரில் உயர்கல்விக்குப் பணம்; அதுதான் புதுமைப் பெண். தேவதாசி முறையை எதிர்த்து நின்றவர் பெயருக்கு இதுதான் பொருத்தம். (தங்கம் போச்சே என்று என்னிடம் வருத்தப்பட்ட அம்மாக்கள் உண்டு. பவுன் விற்கிற விலைக்கு அவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை.)

என் மனக்குறை வேறு. பிளஸ் டூ பரீட்சை மார்ச்சில் முடிகிறது. ரிசல்ட் மே மாதம். கல்லூரியில் சேர்ந்த பிறகுதான், கல்லூரி வழியாக, அந்த ஆயிரத்துக்கு விண்ணப்பிக்க முடியும். இந்தக் கணக்கெல்லாம் நூல் மில்லுக்குப் பெண்பிள்ளைகளை வேலைக்குச் சேர்த்துவிடும் ஏஜென்ட்டுக்கு அத்துப்படி. கடைசிப் பரீட்சை முடிந்த வாரமே வீட்டு வாசலில் நிற்கிறார். "லீவுல சும்மாதான இருக்கு, ரெண்டு மாசம் வரட்டும்" என்று முன்பணத்தையும் கொடுத்துவிடுகிறார். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று முன்பு 'சுமங்கலி' பெயரில் நடந்ததே, அதே வண்டிதான், பெயரில்லாமல் வருகிறது.

போன வருஷம் என் வகுப்புப் பெண் கணக்குப் பதிவியலில் 91 மார்க். காலேஜ் ஹாஸ்டலுக்கு வருமானச் சான்று வேண்டும். அவள் அம்மா கூலியை விட்டுவிட்டு மூன்று நாள் அலைந்தார். ஒருநாள் சர்வர் இல்லை, ஒருநாள் ரேஷன் கார்டில் எழுத்துப் பிழை. ஜூலையில் அவளுக்குப் போன் செய்தேன். "நைட் ஷிப்ட் டீச்சர், அப்புறம் பேசறேன்" என்றாள்.

அந்த ஆயிரத்தை ஏப்ரலிலேயே தொடங்கினால் என்ன? சான்றிதழ்களை அரையாண்டுத் தேர்வுக்குள் பள்ளியிலேயே முகாம் போட்டு முடித்தால் என்ன? புதுத் திட்டமே வேண்டாம், தேதியை மாற்றினால் போதும்.

இந்த வருஷம் ஜனவரியிலேயே எல்லாப் பிள்ளைகளின் காகிதங்களையும் கேட்டு வாங்கிவிட்டேன். மூன்று பேருக்கு வருமானச் சான்று இன்னும் நிலுவை. இந்த வேலை தெரிந்தவர்கள் இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு நாள்தான்.