புது பிக்கப் வண்டியில் தண்ணீர் பாட்டில் வைக்க ஒரு குழி, அவ்வளவுதானய்யா கேட்டேன்!

"சார், இது லோடு வண்டி. கார் இல்லை." ஷோரூம்காரர் வாயிலிருந்து உதிர்ந்த முத்து. சரிங்க ஐயா, லோடு பின்னாடிதான் ஏறுகிறது. முன்னாடி ஏறுவது மனுஷன்தானே? அவனுக்குத் தாகம் எடுக்காதா?

இன்று காலை கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு பாண்டிக்கு வருகிறேன். சீட்டு கவர்கூடப் பிரிக்காத புது பிக்கப். கதவில் ஒரு பள்ளம் கிடையாது, டேஷ்போர்டில் ஒரு குழி கிடையாது. தண்ணீர் பாட்டிலைப் பக்கத்து சீட்டில் படுக்கவைத்தேன். கிருமாம்பாக்கம் தாண்டி ஒரு குலுங்கல். பாட்டில் துரை சீட்டை விட்டு இறங்கினார். கியர் லிவரை ஒரு சுற்று சுற்றினார். கொஞ்சம் யோசித்தார். அப்புறம் நேராக பிரேக் பெடலுக்கு அடியில் போய்க் குடியேறிவிட்டார். தவளக்குப்பம் சிக்னலில் சிவப்பு. மிதிக்கிறேன், பெடல் பாதியில் நிற்கிறது, அடியில் 'படக் படக்' என்று சத்தம். முன்னால் ஸ்கூட்டரில் பூக்கூடையோடு ஒரு அம்மா. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஒரு முழம் இடைவெளியில் நின்றேன். அந்த அம்மா திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

விலை மட்டும் பத்து லட்சத்தை எட்டிப் பார்க்கிறது. குழிக்கு நான் ஹார்டுவேர் கடைக்குப் போக வேண்டும். மூன்று இன்ச் பிவிசி பைப்பில் ஒரு ஜாண் வெட்டி, அடியில் மூடி ஒட்டி, கடகடக்காமல் இருக்க உள்ளே சைக்கிள் டியூப் சுற்றி, கைப்பிடியில் கேபிள் டை போட்டுக் கட்டியாயிற்று. பில் புக்குக்கு சன்வைசரில் கிளிப். போன் ஸ்டாண்டின் டபுள் டேப் மதிய வெயிலில் உருகி போனோடு மடியில் விழுகிறது. அதற்கும் ஏதாவது பண்ண வேண்டும். சார்ஜர் சாக்கெட் ஒன்றே ஒன்று. போனுக்கா, குட்டி ஃபேனுக்கா என்று தினமும் பஞ்சாயத்து.

ஏசியா? 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமாம். ஆனால் லோடோடு சேர்த்து வண்டியின் மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே ஓட்டுகிறவனுக்கு வியர்க்காது என்று டெல்லியில் கண்டுபிடித்துவிட்டார்கள் போல.

கேபிள் டை வாலை நறுக்கலாம் என்று கட்டிங் பிளேயரைத் தேடினால் காணோம். எதிர் வீட்டுக்காரர் பொங்கலுக்கு சீரியல் லைட் கட்ட வாங்கிப் போனது. கேட்டால், "அது உங்களுதா தம்பி?" என்கிறார். பிடியில் என் இனிஷியலைச் சுரண்டி வைத்திருக்கிறேன்யா!