உடாடா ஹிகாரு காணாமல் போன ஐந்து வருடங்கள்

போன வாரம் அக்கா மகள், ஜப்பானியப் பாடகர் உடாடா ஹிகாருவின் அதே பெயர்ப் பாட்டை வைத்து எடுத்த 'ஃபர்ஸ்ட் லவ்' தொடரை நெட்ஃபிளிக்ஸில் பார்த்துவிட்டு, கண்ணெல்லாம் சிவந்து போன் பண்ணினாள். "மாமா, அந்த ஒரு பாட்டு போதும். அதுக்கப்புறம் அவங்க பாடியிருக்கவே வேணாம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உடாடா ஹிகாருவை இருபது வருடமாகக் கேட்பவன் நான். போனில் சொன்னால் சண்டையாகிவிடும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. 1998 டிசம்பரில் 'ஆட்டோமேட்டிக்' பாட்டு வெளியானபோது உடாடாவுக்கு 15 வயது. அடுத்த மார்ச்சில் வந்த 'ஃபர்ஸ்ட் லவ்' ஆல்பம் ஜப்பானில் மட்டும் 76 லட்சத்துக்கும் மேல் விற்றது. அந்த நாட்டில் வேறு எந்த ஆல்பமும் இன்றுவரை அதைத் தாண்டவில்லை. ஜப்பானில் சிடி விற்பனை உச்சத்தில் இருந்த காலம் அது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2001 மார்ச்சில் அடுத்த ஆல்பம் 'டிஸ்டன்ஸ்' ஒரே வாரத்தில் 30 லட்சம் போனது. அதே நாளில் இன்னொரு நட்சத்திரப் பாடகி ஹமசாகி அயுமியின் தொகுப்பு ஆல்பமும் கடைக்கு வந்ததால் பத்திரிகைகள் அதைச் சேவல் சண்டை மாதிரி எழுதித் தீர்த்தன.

இந்த எண்களை விடுங்கள். 'ஆட்டோமேட்டிக்'கின் முதல் இரண்டு அடியைக் கேளுங்கள். டெலிபோன் ஏழாவது முறை மணி அடிக்கும்போது எதிர்முனையில் எடுக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம். மணிக்கு அவர்கள் சொல்லும் சொல் 'பெரு', நம்ம பெல்தான். அதில் 'பெ'யோடு அடி முடிந்துவிடுகிறது. ஒரு மூச்சு விட்டு, மிச்சமிருக்கும் 'ரு' அடுத்த அடியின் தலையில் போய் உட்காருகிறது. நம் யாப்பில் இதற்கு வகையுளி என்று பெயரே இருக்கிறது. சீருக்காகச் சொல்லைப் பிளப்பது. வாத்தியார் அதைக் கொஞ்சம் குறையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். இங்கே அந்த வெட்டில்தான் பாட்டு நடக்கிறது. ஒவ்வோர் அசையையும் சம அளவில் உச்சரிக்கும் ஒரு மொழியை அமெரிக்க ஆர் அண்டு பி தாளத்தில் உட்கார வைக்க, நியூயார்க்கிலும் டோக்கியோவிலும் ரெக்கார்டிங் ஸ்டுடியோக்களில் வளர்ந்த ஒரு பள்ளிப் பிள்ளை கண்டுபிடித்த வழி அது. வீடியோவையும் பாருங்கள். தாழ்வான கூரை, ஒரு சோபா, தலை இடிக்காமல் இடுப்பை வளைத்து ஆடிக்கொண்டே பாடும் உருவம். நட்சத்திரத்தை அறிமுகப்படுத்த இப்படி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு ஒரு கும்பிடு.

சரி, இனி நான் சொல்ல வந்தது. உடாடாவின் இசைப் பயணத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அவர் ஓர் ஆல்பம்கூட வெளியிடாத காலம். 2010 ஆகஸ்டில், தனக்கு 27 வயதில், கலைஞர் வேலையை நிறுத்திவைத்துவிட்டு 'நிங்கென் கட்சுதோ'வில் இறங்கப்போவதாக அறிவித்தார். மனிதச் செயல்பாடு என்று பொருள். அதாவது, கொஞ்ச நாள் மனிதராக இருந்து பார்க்கிறேன் என்கிறார். டிசம்பரில் யோகோஹாமா அரீனாவில் இரண்டு இரவு பாடினார், அப்புறம் மேடையில் ஆளைக் காணோம். நடுவில் 2012-ல் எவாஞ்சலியன் அனிமேஷன் படத்துக்காக 'சகுரா நகாஷி' என்று ஒரே ஒரு பாட்டு.

இதை நான் பெரிதாகப் பேசக் காரணம் அவருடைய அம்மா. ஃபுஜி கெய்கோ, எங்கா என்ற ஜப்பானியச் சோகப் பாட்டு வகையின் பெரும் பாடகி. அவருடைய பெற்றோர், ரோக்யோகு என்ற கதைப்பாட்டு நிகழ்ச்சி நடத்தி ஊர் ஊராய்ப் பிழைத்தவர்கள். கெய்கோ 1969-ல் அறிமுகமானார். 1970-ல் அவருடைய முதல் இரண்டு ஆல்பங்களும் அடுத்தடுத்து முதலிடத்தைப் பிடித்து, மொத்தம் 37 வாரம் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தொண்டையில் அறுவை சிகிச்சை, குரலில் மாற்றம், 1979-ல் ஓய்வு. அப்போது வயது 28. பிறகு திரும்பி வந்தாலும் பழைய இடம் கிடைக்கவில்லை. ஏறக்குறைய அதே வயதில் பிள்ளையும் மைக்கைக் கீழே வைக்கிறது. இது தற்செயலாகவே இருக்கட்டும். ஆனால் குரலையும் புகழையும் சுமந்து ஓர் ஆள் என்ன ஆவார் என்பதை வீட்டுக்குள்ளேயே பார்த்து வளர்ந்த பிள்ளை அது. அந்த முடிவைச் 'சலிப்பு' என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

2013 ஆகஸ்டில் அம்மா இறந்துபோனார். நீண்ட காலமாக மனநோயால் துன்பப்பட்டவர் என்று உடாடாவே அறிக்கை வெளியிட்டார். 2015-ல் உடாடாவுக்கு மகன் பிறந்தான். 2016 ஏப்ரலில் திரும்பி வந்தபோது கையில் இருந்த பாட்டுகளில் ஒன்று 'ஹனதாபா ஓ கிமி நி'. 'உனக்கு ஒரு பூங்கொத்து' என்று வைத்துக்கொள்ளலாம். ஜப்பானின் என்எச்கே தொலைக்காட்சியில் வரும் காலை நாடகத்தின் முகப்புப் பாட்டு. பல் துலக்கிக்கொண்டும் சோற்றுக்கு மிசோ சூப் கலக்கிக்கொண்டும் அரை வருடம் நாடே அதைக் கேட்டது. வழக்கமாக ஒப்பனையே செய்துகொள்ளாத ஒருவர் இன்று காலை மெல்லியதாகப் பூசியிருக்கிறார் என்று பாட்டு தொடங்கும். யாரோ நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறார்கள் என்றுதான் தோன்றும். பாட்டு அம்மாவுக்கானது என்று தெரிந்த பிறகு கேட்டால், இறந்தவர் முகத்துக்குக் கடைசியாகச் செய்யும் ஒப்பனை அது என்றுதான் பல ரசிகர்களைப் போல எனக்கும் படுகிறது. இவ்வளவு பெரிய துக்கத்தை ஒரு மேஜர் மெட்டில், காலை நேரத்துக்கு ஏற்ற வெளிச்சத்தோடு எழுத 16 வயதில் முடியாது. அதற்கு அந்த ஐந்து வருடம் வேண்டியிருந்தது. அந்தப் பாட்டு இருக்கும் 'ஃபான்டோம்' ஆல்பத்தை முதல்முறை கேட்பவர்கள் தயவுசெய்து ஷஃபிளில் போடாதீர்கள்.

2022-ன் 'பேட் மோட்' ஆல்பம் இன்னும் ஒரு படி மேல் என்பது என் கட்சி. இன்னொருவர் மனம் சரியில்லாமல் இருக்கும்போது என்ன செய்வது? மெயில்களைக் கண்டுகொள்ளாதே, பைஜாமாவிலேயே இரு, ஏதாவது பார், ஊபர் ஈட்ஸில் எதையாவது வரவழைத்துக்கொள்ளலாம் என்கிறது தலைப்புப் பாட்டு. காதல் பாட்டில் இவ்வளவு வீட்டு வாசனையை நான் கேட்டதில்லை. ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸ் என்ற எலக்ட்ரானிக் இசைக்கலைஞருடன் சேர்ந்து செய்த கடைசிப் பாட்டு 12 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பிரான்ஸில் மார்செய் பக்கம் எங்கேயாவது ஓர் அறை போடலாமா என்ற பேச்சு, பாதி வழியில் சொற்கள் கரைந்து தாளம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நைட் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் போட்டுப் பாருங்கள்.

ஒரு இடைச்செருகல். 2021-ல் தன்னை ஆண், பெண் இரண்டிலும் அடங்காதவர் என்று உடாடா அறிவித்தார். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் என்ன சுட்டுப்பெயர் போடுவது என்று இன்னும் தடுமாறுகிறார்கள். நமக்கு 'அவர்' இருக்கிறது. இந்தப் பதிவு முழுக்க ஓட்டியாயிற்று, யாருக்கும் இடறியிருக்காது.

அக்கா மகளுக்கு 'ஹனதாபா ஓ கிமி நி' லிங்க்கை மட்டும் நேற்று ராத்திரி வாட்ஸப்பில் தட்டிவிட்டேன், விளக்கம் எதுவும் எழுதவில்லை. காலையில் பதில் வந்திருந்தது: "செம்ம மாமா! கல்யாண வீட்டுப் பாட்டா?"

இன்னும் பதில் போடவில்லை. மதியத்துக்குள் இதைப் படித்துவிடுவாள்.