அஜாக்கிரதை

போன வாரம் சித்தப்பாவின் ஸ்கூட்டரை ஒரு பையன் பைக்கில் வந்து இடித்துவிட்டான். முழங்கையில் நாலு தையல், அதோடு போயிற்று. புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போனது நான்தான். 'கவனக்குறைவாக ஓட்டி வந்து' என்று எழுதி நீட்டினேன். ரைட்டர் அந்த இடத்தைப் பேனாவால் தட்டினார்.

"இது வேணாம் சார். அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்னு போடுங்க."

விபத்துச் செய்திகளில் படித்துப் படித்துப் புளித்துப்போன வரி. அவருக்கோ அது செக்ஷனோடு ஒட்டிய வாசகம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 279, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 281. மாற்றி எழுதிக் கொடுத்தேன். ஆனால் அந்தச் சொல் வீடு வரை கூடவே வந்தது.

ஜாக்கிரதை என்றால் வடமொழியில் விழிப்பு. அப்படியானால் அஜாக்கிரதை, கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது. கவனக்குறைவு அதைவிடச் சாது. உப்பு கொஞ்சம் குறைச்சல் என்பதுபோலக் கவனம் கொஞ்சம் குறைச்சல், அவ்வளவுதான். அலட்சியம் இந்த இரண்டோடும் சேராது. ஒன்றை லட்சியம் பண்ணாமல் விட வேண்டுமென்றால் முதலில் அது கண்ணில் பட்டிருக்க வேண்டும். பார்த்தாயிற்று, 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று தள்ளியாயிற்று.

வள்ளுவர் இன்னொரு பக்கம் பிடிக்கிறார். பொச்சாவாமை, அதாவது மறந்து அசந்துவிடாமை, என்று ஓர் அதிகாரமே வைத்து, எல்லை மீறிய கோபத்தைவிட மகிழ்ச்சி மயக்கத்தில் வரும் மறதி கெட்டது என்கிறார். புது பைக் வாங்கிய பையன்களைப் பார்த்தால் புரியும். பொச்சாப்பு என்ற சொல்லை இன்று யாரும் வாயில் எடுப்பதில்லை. நமக்குக் கிடைத்திருப்பது 'அசால்ட்டு'. ஆங்கிலத்தில் தாக்குதல், இங்கே 'அசால்ட்டா ஓட்டுவான்' என்றால் பாராட்டு!

எனக்கு எரிச்சல் 'கவனக்குறைவு' மேல்தான். மூடாமல் விட்ட பள்ளத்தில் ஆள் விழுந்தாலும் அதே சொல், தொங்கும் மின்கம்பியைப் பத்து நாள் பார்த்துக்கொண்டே போனவருக்கும் அதே சொல். தெரிந்தே விட்டதற்கு என்ன குறைவு வேண்டிக் கிடக்கிறது?

மறுநாள் அந்தப் பையன் அவன் அம்மாவோடு வீட்டுக்கு வந்தான். "சாரி அங்கிள், கவனிக்கலை" என்றான்.

சித்தப்பா கட்டுக் கையை மடியில் வைத்தபடி கேட்டார்: "விடாம ஹாரன் அடிச்சியே தம்பி, கவனிக்காமலா அடிச்சே?"