நாஸ்கார் பெட்டிங்: டிரைவர் நமக்காக ஓட்டவில்லை

அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயத் தொடரான நாஸ்காரில் ஓடும் அணிகளில் பெரும்பாலானவை பட்டறை போட்டிருப்பது கான்கார்ட், மூர்ஸ்வில், ஹன்டர்ஸ்வில் என்று சார்லட்டைச் சுற்றித்தான். இந்த ஊரில் குடியிருக்கும் ஒரே காரணத்தால் நண்பர்கள் மத்தியில் எனக்கு நாஸ்கார் நிபுணர் பட்டம் வந்துவிட்டது. 2024 மார்ச் 11-ஆம் தேதி வட கரோலினாவில் மொபைல் பெட்டிங் சட்டப்படி தொடங்கிய பிறகு அந்தப் பட்டத்துக்கு மவுசும் கூடிவிட்டது. அதுவரை ஐபிஎல் தவிர வேறெதுவும் பேசாதவர்கள்கூட, "இந்த ஞாயிறு யார் மேல போடலாம்?" என்று கேட்கிறார்கள்.

யார் மேலும் போடாதீர்கள் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. உங்கள் காசு, உங்கள் ஞாயிற்றுக்கிழமை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாம் காசு கட்டுவது ஒன்றின் மேல், அந்த டிரைவர் வண்டி ஓட்டுவது வேறொன்றுக்காக. ஸ்டாக் கார் பெட்டிங்கில் பெரிய ஓட்டை அதுதான். அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

அதிர்ஷ்டம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. 1987-இல் டலடேகா ரேஸ் தளத்தில் பாபி ஆலிசனின் கார் பறந்து போய்ப் பார்வையாளர் வேலியைக் கிழித்தது. அடுத்த ஆண்டு முதல் டேட்டோனா, டலடேகா இரண்டிலும் இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தி வேகத்தைக் குறைத்தார்கள். விளைவு, எல்லா வண்டியும் ஏறத்தாழ ஒரே வேகம். நாற்பது கார்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி கும்பலாகப் போகின்றன. நடுவில் ஒருவர் சறுக்கினால் பத்துப் பதினைந்து வண்டி காலி. 2021 டேட்டோனா 500-இல் கடைசிச் சுற்றில் முன்னால் போன கெசலௌஸ்கியும் லோகானோவும் மோதிக்கொண்டார்கள். பின்னால் வந்த மைக்கேல் மெக்டவல் நெருப்புக்கும் புகைக்கும் நடுவில் புகுந்து ஜெயித்தார். நாஸ்காரின் முதல்நிலைத் தொடரான கப்பில் அது அவருடைய 358-ஆவது பந்தயம், முதல் வெற்றி. ஆட்ஸ் நூற்றுக்கு ஒன்று. பத்து டாலர் கட்டியவருக்கு ஆயிரம் லாபம். இதில் யாருக்கும் புகார் இருக்க முடியாது. லாட்டரி என்று தெரிந்துதான் வாங்குகிறோம்.

என் பிரச்சினை மற்ற பந்தயங்களோடு. அங்கேதான் "நான் ரேஸ் பார்ப்பவன், எனக்குத் தெரியும்" என்கிற நம்பிக்கையில் ஆட்கள் கட்டுகிறார்கள். அதிலும் இரண்டு டிரைவர்களில் யார் முன்னால் முடிப்பார் என்கிற ஜோடிப் பந்தயம் ரொம்பப் பிரபலம். வழக்கமாக 110 கட்டினால் 100 லாபம். நூற்றுக்கு 52.4 தடவை சரியாகச் சொன்னால்தான் கைக்காசு போகாமல் தப்பிக்கலாம். பயிற்சி நேரம், பழைய முடிவுகள், டயர் தேய்மானம் எல்லாம் பார்த்துக் கணக்குப் போடுகிறோம். சரி. அந்த டிரைவருக்கு அன்று முன்னால் முடிக்க ஆசை இருக்குமா என்பதற்கு எந்தக் கணக்கில் இடம்?

சாம்பியனைத் தேர்ந்தெடுக்க 2014 முதல் 2025 வரை இருந்த பிளே ஆஃப் முறையில் பதினாறு பேர் நுழைவார்கள். மூன்று பந்தயத்துக்கு ஒருமுறை நான்கு பேர் வெளியே. கடைசிப் பந்தயத்துக்கு நான்கே பேர் மிஞ்சுவார்கள். அந்த நால்வரைத் தீர்மானித்த பந்தயம் பல ஆண்டுகள் மார்ட்டின்ஸ்வில்லில் நடந்தது. ஒரு சுற்று அரை மைலுக்குக் கொஞ்சம் அதிகம், மொத்தம் ஐந்நூறு சுற்று. வண்டிகள் உரசாமல் போக இடமே கிடையாது.

2024 நவம்பர் 3 பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயித்தது ரயன் பிளேனி, ஆனால் அன்று உண்மையான சண்டை அவருக்குப் பின்னால். கடைசி ஓர் இடத்துக்கு ஷெவர்லேயின் வில்லியம் பைரனும் டொயோட்டாவின் கிறிஸ்டோஃபர் பெல்லும் புள்ளிக் கணக்கில் முட்டிக்கொண்டிருந்தார்கள். பைரனுக்குப் பின்னால் இரண்டு ஷெவர்லேக்கள், சேஸ்டெய்னும் ஆஸ்டின் டில்லனும். இருவரும் அருகருகே சுவர் மாதிரி ஓடுகிறார்கள், பைரனை முந்தவில்லை. மூன்று பேரும் வெவ்வேறு அணி, ஆனால் ஒரே கம்பெனி வண்டி. அந்தப் பக்கம் டொயோட்டாவின் பப்பா வாலஸ் டயரில் ஏதோ கோளாறு என்று வேகத்தைக் குறைக்க, பெல் அவரைத் தாண்டினார். பெல்லும் கடைசி வளைவில் சறுக்கிச் சுவரோடு உரசியபடி கோட்டைக் கடந்தார். அதைப் பாதுகாப்பு விதிமீறல் என்று அறிவித்து, ரொம்ப நேரம் காக்கவைத்த பிறகு பைரனுக்கு இடத்தைக் கொடுத்தார்கள்.

இத்தனையும் நடந்தது ஊரறிய. அணிகளின் ரேடியோவை யார் வேண்டுமானாலும் ஸ்கேனர் வைத்துக் கேட்கலாம். மைதானத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும். இருந்தும் ரேடியோவில் ஜாடையாகப் பேசிக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து நாஸ்கார் சேஸ்டெய்ன், டில்லன், வாலஸ் மூவருக்கும் தலா 1,00,000 டாலர் அபராதம் போட்டது. அணிகளுக்கும் அதே அளவு. க்ரூ சீஃப் (அணியின் தலைமை மெக்கானிக்), ஸ்பாட்டர் (மேலிருந்து பார்த்து டிரைவருக்கு வழி சொல்பவர்) எல்லோருக்கும் ஒரு பந்தயத் தடை.

இப்போது சொல்லுங்கள், வாலஸ் முன்னால் முடிப்பார் என்று கட்டிய ஒருவர் எதில் தப்பு செய்தார்? வண்டியையும் டிரைவரையும் அவர் சரியாகவே எடைபோட்டிருக்கலாம். அபராதம் விதித்தார்கள், ஆனால் அந்த அபராதத்தால் முடித்த வரிசை மாறவில்லை. கட்டியவர் காசு போனது போனதுதான்.

இது ஒருநாள் கூத்து என்று நினைக்க வேண்டாம். 2013-இல் ரிச்மண்டில் கிளின்ட் போயரின் கார் கடைசிச் சுற்றுகளில் திடீரென்று சுழன்று நின்றது. சக அணி வீரர் ட்ரூயெக்ஸ் ஜூனியர் அப்போதைய பிளே ஆஃபுக்குள் நுழைய, எல்லா வண்டியையும் மெதுவாக்கும் ஒரு மஞ்சள் கொடி அந்த நேரத்தில் தேவைப்பட்டது. அணிக்கு 3,00,000 டாலர் அபராதம், ட்ரூயெக்ஸ் வெளியே. 2015-இல் அதே மார்ட்டின்ஸ்வில்லில், பல சுற்று பின்தங்கியிருந்த மேட் கென்செத், முதலிடத்தில் போன ஜோயி லோகானோவை வேண்டுமென்றே சுவரில் அடித்தார். சில வாரங்களுக்கு முன் கான்சஸில் லோகானோ அவரைச் சுழற்றிவிட்ட பகை. கென்செத்துக்கு இரண்டு பந்தயத் தடை, கோப்பை ஜெஃப் கார்டனுக்கு. லோகானோ மேல் கட்டியவர் எந்தப் புள்ளிவிவரத்தில் போய்ப் பழிவாங்கலைத் தேடுவார்?

நம்மூர்க்காரர்களுக்கு இதில் ஒரு குழப்பம் வரும். கிரிக்கெட்டில் முறைகேடு என்றால் புக்கி, காசு, ஹோட்டல் அறை என்று மனதில் ஒரு படம் இருக்கிறது. சென்னை அணி இரண்டு சீசன் வெளியே உட்கார்ந்ததும் அப்படிப்பட்ட விவகாரத்தில்தானே. இங்கே புக்கியே தேவையில்லை. புள்ளிப் பட்டியலும் கார் கம்பெனி விசுவாசமும் போதும். மார்ட்டின்ஸ்வில்லில் பெட்டிங்குக்காக யாரும் எதுவும் செய்ததாகக் குற்றச்சாட்டுகூட இல்லை. எனக்கு அதுதான் இன்னும் மோசமாகப் படுகிறது. காசுக்காகச் செய்தால் பணம் போன வழியைப் பிடித்துத் துப்பறியலாம்.

1996-இல் சென்னை கிண்டி ரேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் கை எல்லாவற்றையும் எடைபோட்டுக் கட்டுவதும் திறமைதான் என்பது வாதம். ஸ்டாக் காருக்கும் அதே வாதம் பொருந்தும் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். பாதி ஒப்புக்கொள்வேன். ஆனால் பக்கத்துக் கொட்டகைக் குதிரை இறுதிப் போட்டிக்குப் போகட்டும் என்று எந்தக் குதிரையும் வேகத்தைக் குறைப்பதில்லை.

இதில் எனக்கு முழுக்க கசப்பும் இல்லை. 2022-இல் இதே சேஸ்டெய்ன் மார்ட்டின்ஸ்வில் கடைசி வளைவில் காரைச் சுவரில் சாய்த்து, ஆக்ஸிலேட்டரை முழுசாக அழுத்தி ஐந்து பேரைத் தாண்டினார். டென்னி ஹாம்லினின் இடம் பறிபோனது. ஹாம்லின் மேல் கட்டியவர்கள்கூட வாயைப் பிளந்து பார்த்திருப்பார்கள். அந்த வித்தையை மறு ஆண்டே தடுத்துவிட்டார்கள், பெல் மாட்டியதும் அதில்தான்.

என்னைக் கேட்டால், இப்படி அடுத்த கட்டத்துக்கான இடத்தைத் தீர்மானிக்கும் பந்தயங்களில் ஜோடிப் பந்தயம் ஏற்பதையே நிறுத்த வேண்டும். ஒரு மாநிலமாவது செய்து காட்டலாம். செய்ய மாட்டார்கள், கூட்டம் வரும் வாரமே அதுதான்.

குறைந்தபட்சம் கட்டுகிறவர்கள் தங்கள் ஆப்பில் உள்ள விதிகளையாவது படிக்கலாம். 2022 ஜூலையில் போகோனோவில் ஹாம்லின் முதல், கைல் புஷ் இரண்டாவது. ரேஸ் முடிந்து பரிசோதித்ததில் இருவரையும் தகுதி நீக்கம் செய்துவிட்டு, மூன்றாவதாக வந்த சேஸ் எலியட்டுக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். அவர் ஒரு சுற்றுகூட முன்னால் ஓடவில்லை. கோட்டைக் கடந்த வரிசைக்குக் காசா, பரிசோதனைக்குப் பிந்தைய முடிவுக்குக் காசா என்பதைக் கம்பெனிக்குக் கம்பெனி அவரவர் விதி முடிவு செய்யும். அந்தப் பத்தி பொதுவாக "மோட்டார் பந்தயம்" என்ற தலைப்பின் கீழ் கீழே எங்கேயோ கிடக்கும். தேடிப் பிடித்துப் படித்துவிட்டு அப்புறம் கட்டுங்கள்.